நாற்பத்து மூன்றாம் பக்கம், கடைசி நிரல்

நோ-ஹிட்டர் என்று சொல்லப்படும் பேஸ்போல் ஆட்டத்தில் பந்தை யாருமே அடிப்பதில்லை என்று ஒரு நம்பிக்கை உலகில் உலவுகிறது. படித்தவர்களும், வாக்குரிமை உள்ளவர்களும், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பில் இருப்பவர்களும்கூட இதை நம்புகிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது. உண்மை வேறு. அப்படிப்பட்ட ஆட்டத்திலும் மட்டை பந்தில் இருபது தடவையாவது படுகிறது. அடித்த பந்தை எதிரணிக்காரன் அந்தரத்தில் பிடித்துவிட்டால், அல்லது அடித்தவன் முதல் தளத்துக்கு ஓடிச் சேருமுன் பந்து அங்கே போய்விட்டால், அவன் ஆட்டமிழந்தான். அவன் அடித்தது அடியாகாது. ஓடிச் சேர்ந்துவிட்டால் அது ஹிட். சேர்ந்தது தன் கெட்டித்தனத்தால் அல்ல, பந்தைப் பொறுக்க வேண்டியவன் சொதப்பியதால் என்றால் அது ஹிட் அல்ல, எரர். அதனால் பந்தெறிந்த பிட்சரின் பெயருக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸ், இருபத்தேழு பேரை ஆட்டமிழக்கச் செய்து, ஒரு ஹிட்கூடக் கொடுக்காதவனே நோ-ஹிட்டர் எறிந்தவன். ஹிட்டா எரரா என்று தீர்ப்பது யார்? நடுவர் என்று நினைப்பது இரண்டாவது மூடநம்பிக்கை. மேலே, கண்ணாடிக்குப் பின்னால், கோப்பிக் கறை படிந்த மேசையில் பென்சிலோடு இருக்கும் உத்தியோகபூர்வ ஸ்கோரர்தான். அவர் சொன்ன பிறகே நடந்தது நடந்ததாகிறது. கனகேந்திரன் இதை இருபத்திரண்டு வருடமாகக் கல்யாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் விளக்கி வருகிறார். கேட்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது மூடநம்பிக்கைக்கு முன்னமே எழும்பிப் போய்விடுவார்கள்.

இன்றைக்கு அந்தப் பென்சில் அவருடைய கையில் இல்லை. ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து, மைதானத்தின் கோடியில் நிற்கும் பெரிய பலகையில் எதிரணியின் ஹிட் என்ற தலைப்பின் கீழ் ஒரு பூச்சியம் கொழுத்துப்போய் நிற்கிறது. கனகேந்திரன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைகளின் கீழ் செருகிக்கொண்டு இரண்டாவது கதிரையில் இருக்கிறார். முதலாவது கதிரையில் அத்தான். கார்ஸ்பிரிட்ஜ் நாரைகள் என்பது ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஒரு சின்ன நகரத்தின் சின்னச் சம்பளக்கார அணி; அதற்கு ஸ்கோரர்கள் இருவர்; இருவரும் யாழ்ப்பாணத்தார், ஒருவர் மற்றவரின் அக்காவைக் கட்டியவர். நல்லைநாதன் அத்தானுக்கு ஒரு ஆட்டம், கனகேந்திரனுக்கு அடுத்தது, என்று மாறி மாறி வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை கனகேந்திரனுடையது. கலண்டரில் அவருடைய பெயரைச் சிவப்பு மையால் எழுதியது அவரேதான். ஆனால் மனைவி வதனியின் ஒன்றுவிட்ட தங்கையின் பூப்பெய்திய மகளுக்கு மார்க்கம் நகரத்து மண்டபமொன்றில் சாமத்தியவீடு, போகாவிட்டால் ஒரு வருடத்துக்குக் கதை கேட்கவேண்டும், ஆகவே அத்தானோடு நாள் மாற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் போட்டது. மண்டபம் ஒக்ரோபருக்குத் தள்ளிப்போனது. சனிக்கிழமை காலை அத்தானுக்குப் போன் எடுத்து, நாளைக்கு நானே வாறன் என்று சொன்னபோது அத்தான் சிரித்தார். சேட்டை இஸ்திரி போட்டு வைச்சிட்டன் ஐசே, நீர் ஒரு நாளைக்குச் சும்மா வந்து பக்கத்திலை இருந்து ஆட்டத்தைப் பாருமன், என்றார். ஒரு சேட்டுக்காக. இஸ்திரி போட்ட ஒரு நீலச் சேட்டுக்காக. பதினெட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து போய்விட்டார்கள், பதினெட்டுப் பேருடைய கட்டங்களிலும் அத்தானின் சாய்ந்த எழுத்து, அந்தப் பிள்ளைக்கு ஒரு கிழமை முந்தி வந்திருக்கக்கூடாதா, சின்ன அம்மைதானே, ஒரு கிழமை முந்தினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்து, ஒரு பிள்ளையின் வருத்தத்துக்குத் தன் வசதிப்படி நாள் குறிக்கப் பார்த்த மனத்தை நினைத்து வெட்கப்பட்டு, வெட்கப்பட்டு முடிவதற்குள் மறுபடியும் அதே கிழமைக்கே வந்து நின்றார்.

நாற்பத்து மூன்றாம் பக்கம். அணியின் ஆண்டு மலரில், பழைய சம்பியன் படங்களுக்கும் சோப்புக் கம்பனி விளம்பரத்துக்கும் நடுவில் இருப்பது. அறுபத்தொரு வருடத்தில் நாரைகள் எறிந்த நோ-ஹிட்டர்கள் ஏழு. முதலாவது, அணி தொடங்கி மூன்றாம் வருடம், தூறலில். இரண்டாவதை எறிந்தவர் பிறகு பல் வைத்தியரானார். மூன்றாவதை எறிந்தவர் ஒரு ஹிட்டும் கொடுக்காமலே ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார். எதிரணிக்காரன் ஒருவனுக்கு முதல் தளத்தைச் சும்மா கொடுத்து, அவன் களவாக இரண்டாம் தளம் ஓடி, இரண்டு எரரில், வீடு என்று சொல்லப்படும் புறப்பட்ட தளத்துக்கே வந்து அந்த ஒரு புள்ளியை எடுத்தான். கனகேந்திரனுக்கு மிகப் பிடித்தது அதுதான். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் இருபது வருடப் பாலை. ஐந்தாவதை மூன்று பிட்சர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆறாவது ஏழே இன்னிங்ஸில் முடிந்த ஆட்டம். அதற்கு உடுக்குறி ஒன்று போட்டு அடிக்குறிப்பில் ஒதுக்கவேண்டும் என்று கனகேந்திரன் நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார், மூன்றுக்கும் நன்றி என்று பதில் வந்தது. ஏழாவது நாலு வருடத்துக்கு முன். திகதி, பிட்சர், எதிரணி, புள்ளி, என்று போகும் அந்த அட்டவணையின் கடைசி நிரல் ஸ்கோரர். அந்த நிரல் முன்பு இருக்கவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் அதைச் சேர்க்கச் சொல்லி வாதாடியவர் கனகேந்திரன். சும்மா வாதாடவும் இல்லை, நகர நூலகத்தின் நிலவறையில் இரண்டு குளிர்காலம் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, செத்துப்போன நாலு ஸ்கோரர்களின் பெயரைத் தேடி எடுத்து நாலு கட்டத்தையும் நிரப்பி, கீழே இடம் விட்டுக் கொடுத்தார். ஏன் இடம் விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தாவது வந்தது: நல்லைநாதன். ஆறாவது: நல்லைநாதன். ஏழாவது: அச்சுப் பிழையோடு நலைநாதன், அந்தப் பிழையைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதியதும் கனகேந்திரன்தான். ஐந்நூறுக்கு மேல் ஆட்டம் எழுதியிருக்கிறார். ஐந்நூறிலும் யாரோ ஒருவன், எங்கிருந்தோ வந்தவன், மூன்றாவது இன்னிங்ஸிலோ ஐந்தாவதிலோ ஒன்றை அடித்துவிட்டுப் போய்விடுவான். பிட்சர்கள் எல்லாரும் அத்தானுடைய நாள் பார்த்துத்தான் கையைச் சுழற்றுகிறார்களா? அறுபத்தொன்றை ஏழால் பிரித்தால் எட்டே முக்கால். எட்டே முக்கால் வருடத்துக்கு ஒன்று. அடுத்தது வரும்போது தனக்கு வயது எழுபது. எழுபதில் கை நடுங்கும், கட்டம் நேராக வராது.

அத்தான் அந்தப் பக்கத்தை வாசித்ததே இல்லை, அதுதான் தாங்கமுடியாதது. ஐந்தாவது நடந்த திகதியைக் கேட்டால் ஆவணியோ புரட்டாதியோ என்பார். ஆறாவதில் நாலாம் இன்னிங்ஸ் முழுக்க நித்திரை. கனகேந்திரன் அன்று கீழே பார்வையாளர் வாங்கில் இருந்து, கண்ணாடிக்குப் பின்னால் அந்த வாய் திறந்திருந்ததைத் தன் கண்ணால் கண்டவர். எல்லாம் அத்தானுக்கு அப்படித்தான், கேளாமல் வரும், வந்ததைப் பாராமல் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார். பள்ளிக்கூடக் கிரிக்கெட்டுக்குப் புள்ளி எழுதியதும் முதலில் அவர்தான், அழகாக எழுதுகிறார் என்று அதிபர் அந்தக் கொப்பியைக் கண்ணாடி அலுமாரியில் வைத்தார். அடுத்த வருடம் எழுதிய கனகேந்திரனின் கொப்பியில் பிழை ஒன்றுகூட இல்லை, அதில் அச்சுவேலிக் கடைக்காரன் கடலை சுற்றினான். பூமணி அக்காவைக் கட்டினார். கனடாவுக்கு முதலில் வந்தார். கனகேந்திரனை ஸ்பொன்சர் செய்து எடுப்பித்தார், விமான நிலையத்துக்குத் தடித்த கோட்டோடு வந்தார், அந்தக் கோட்டு அளவாகவும் இருந்தது. இந்த ஸ்கோரர் வேலையையும் அவர்தான் பிடித்துக் கொடுத்தார், என்ரை மச்சானுக்கு என்னிலும் பார்க்க விதியெல்லாம் தெரியும் என்று முதலாளியிடம் சொல்லி. இப்படிப்பட்ட மனிதனில் பொறாமைப்படுவது எவ்வளவு கடினம். ஒரு சின்னக் கெட்ட குணமாவது வைத்திருந்தால் அதில் கால் ஊன்றி நிற்கலாம். ஏழாவது இன்னிங்ஸின் மூன்றாவது ஆளும் போய்விட்டான், உயரமாக ஒன்று அடித்து, அது காற்றில் ஏறி, ஏரிப் பக்கமாகச் சாய்ந்து, விழு, விழு, இடைவெளியில் விழு, என்று கனகேந்திரனின் தொடைகளுக்குக் கீழே விரல்கள் தங்களையே நசித்தன, இடது புறத்தில் நின்றவன் இரண்டு அடி நடந்து வந்து அதை ஏந்திக்கொண்டான். தன் சொந்த அணி. இருபத்திரண்டு வருடச் சோறு. ராஸ்மசன் என்ற அந்த இடதுகைப் பிட்சர், முப்பத்தொரு வயது, குளிர்காலத்தில் கூரை வேய்கிற வேலை செய்கிறவன், இதற்கு மேல் எங்கும் போகப்போவதில்லை, அவனுக்கு வாழ்க்கையில் இது ஒன்றுதான் கிடைக்கப்போகிறது, அவன் ஒரு நல்ல பொடியன், கண்டால் தொப்பியைத் தொட்டுக் கும்பிடுவான். அவனுக்கு எதிராகத் தனக்கு ஒன்றுமில்லை. அவன் நாளைக்கு எறியட்டும். நாளைக்குத் தன்னுடைய முறை.

இந்த மாதிரி நேரத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். பிட்சருக்குப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், அவனோடு கதைக்கமாட்டார்கள், மேலே வானொலிக்காரன்கூட, அவர்கள் இன்னும் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சுற்றி வளைப்பான். சொன்னால் உடைந்துவிடும். படிப்பறிவுள்ள கனகேந்திரன் இதை நம்புவதில்லை. நம்பாத ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதில் குற்றமென்ன என்று எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். நோ-ஹிட்டர். முதல் ஆள் மூன்று தடவை காற்றை வெட்டிவிட்டுப் போனான். உதடு அசையச் சொன்னார். இரண்டாமவன் பிட்சரின் காலடிக்கே உருட்டிவிட்டான். சத்தம் வெளியே வராவிட்டால் கணக்கில் எடுக்கமாட்டார்கள்போலும். தொண்டையைச் செருமினார். “அத்தான், இன்னும் ஒரு ஹிட்டும் இல்லை, நோ-ஹிட்டர் போகுது போலை.” வானொலிக்காரன் காதுக்கருவியோடு திரும்பி, தமிழுக்குள் நின்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அத்தான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஓம், நானும் பாத்தனான், உமக்குக் குளிருதே, உந்த ஏசியைக் குறைக்கச் சொல்லவோ, என்று கேட்டார். மூன்றாமவனும் போனான். குளிரவில்லை. இடது கையில் வெயில் விழுந்து சுட்டது. கடைவாய்ப் பல்லில் எதுவோ துடித்தது. நாலாவது. நாலு தடவை ஒரே பெயர், ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலே செத்துப்போன நால்வர், கீழே நாலு நல்லைநாதன், பார்க்கிறவன் கண்ணுக்கு அந்த அணிக்கு வேறு ஸ்கோரரே இருக்கவில்லை என்றுதான் தோன்றும். பார்க்கிறவன் யார், யாரும் பார்ப்பதில்லை, தன்னைத் தவிர ஒருவரும் பார்ப்பதில்லை, அப்படியென்றால் தான் பார்க்காமல் விட்டால் முடிந்தது, ஆனால் விடமுடியவில்லை. இந்த சீசனோடை நான் விடப்போறன், கண்ணிலை பனிப்புகார் மாதிரி நிக்குது, பிறகு முழுக்க நீர்தான், என்று அத்தான் சித்திரையிலேயே சொல்லிவிட்டார். போகிறவர் வெறுங்கையோடு போகக்கூடாதா.

இன்னொன்று, அதை நினைக்கக்கூடாதென்று ஏழு வருடமாகக் கட்டி வைத்திருந்தார். ஏழு வருடத்துக்கு முன் அவருடைய முறையில் ஒரு வியாழக்கிழமை, எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் பூச்சியம் நின்றது. பூச்சியம் தன் பென்சிலால் போட்ட பூச்சியம். மூன்றாம் தளத்தில் நின்றவனிடம் ஒரு பந்து தரையோடு போனது, கையுறைக்கு ஒரு முழம் முன்னால் எதிலோ பட்டுத் துள்ளி அவனுடைய தோளுக்கு மேலால் பறந்தது. அரைக்கண்ணால் பார்க்கிறவன் எரர் என்பான். எரர் என்று எழுதினால் ஒருத்தரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள், எல்லாரும் அதைத்தான் வேண்டி நின்றார்கள், முதலாளி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். சாதாரண முயற்சியால் பிடிக்கக்கூடியதா என்பதுதான் விதி. துள்ளின பந்தைச் சாதாரண முயற்சியால் பிடிக்கமுடியாது. அவர் ஹிட் என்று எழுதினார். கை நடுங்காமல், நேர்க்கோட்டில் எழுதினார். ஏனென்றால் அது ஹிட். அன்றிரவு வதனி என்ன முகம் ஒருமாதிரி என்றாள், ஒன்றுமில்லை, நேர்மையாக நடந்துகொண்டேன் என்றார், அப்ப ஏன் சாப்பிடேல்லை என்றாள்.

ஒன்பதாவது. முதல் ஆள் போனான். இரண்டாமவன் போனான். நாரைகள் இரண்டு, எதிரணி பூச்சியம், சனம் முழுக்க எழும்பி நிற்கிறது, இனி ஒரே ஒரு ஆள். எதிரணி அடிக்க வேண்டியவனை இருத்திவிட்டு அவனுக்குப் பதிலாகப் புதிதாக ஒருவனை அனுப்பியது. ஒகாம்போ என்று அறிவித்தார்கள். இருபத்தாறு வயது, சம்பள ஆட்டத்தில் இதுவே முதல் தடவை, இன்று காலைதான் பஸ்சில் வந்து இறங்கினானாம், சட்டையின் முதுகில் பெயர் தைக்க நேரமிருக்கவில்லை. இவன் எங்கே அடிக்கப்போகிறான், மட்டையைப் பிடித்திருக்கிற பிடியைப் பார், முடிந்தது, எட்டாவதும் நல்லைநாதன். பக்கத்தில் வெள்ளித்தாள் கசங்கும் சத்தம் கேட்டது. அத்தான் குனிந்து பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆட்டிறைச்சி றோல்ஸ், மிளகு வாசம், இந்தாரும், அக்கா உமக்கெண்டு உறைப்புக் கூடப் போட்டுத் தந்துவிட்டவ, மறந்தே போனன், ஆறப்போகுது, என்று அதை நீட்ட, கனகேந்திரன் வாங்காமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார், பார்த்த அந்தக் கணத்தில் மட்டை சத்தம் போட்டது. பந்து தரையோடு மூன்றாம் தளத்தை நோக்கிப் போனது. அவசரமில்லாத பந்து. நாரைகளின் லமூரு அங்கே காவல் நின்றான், ஓடக்கூடத் தேவையில்லை, குனிந்தான், பந்து நேராகக் கையுறைக்குள் போய், உள்ளங்கைப் பட்டையில் அடித்து, வெளியே வந்து விழுந்தது. தடவினான். எடுத்து எறிவதற்குள் பெயரில்லாதவன் முதல் தளத்தைத் தாண்டிவிட்டான். துள்ளவில்லை. பந்து துள்ளவில்லை. கனகேந்திரன் கண்டார், பந்தில் தையலைக்கூடக் கண்டார், உலகத்திலேயே இதைவிடச் சுத்தமான எரர் விதிப் புத்தகத்தின் படத்தில்தான் இருக்கும்.

அத்தான் நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கையில் றோல்ஸ். மைதானமே தலையைத் திருப்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்கு அணியிடம் இருந்தது ஒரு கமெரா. அது மூன்று இன்னிங்ஸாக ராஸ்மசனின் முகத்தைவிட்டு அகலாமல் நின்றது. அத்தான் ஒலிவாங்கியில் கையை வைத்து மூடினார். “நான் காணேல்லை ஐசே. நீர் பாத்தனீரோ?” கேட்பதற்கு விதியில் தடையில்லை, யாரிடமும் கேட்கலாம், தீர்ப்பு மட்டும் ஸ்கோரருடையது. பார்த்தேன். பார்த்ததை ஒரு சொல்லில் சொன்னால் எட்டாவதும் அவருடையது; இந்த ஆட்டத்தையே பாராத மனிதனுடையது, றோல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த மனிதனுடையது, தனக்காகப் பார்த்துக்கொண்டிருந்த றோல்ஸ், ஆறிவிடுமென்று. எரர். மூன்றே எழுத்துத்தான், வாயைத் திறந்தால் வந்துவிடும். வியாழக்கிழமைப் பந்து மேலே எழுந்தது. முழங்கால் அளவில் எழுந்து, தோளுக்கு மேலால் பறந்து, ஏழு வருடமாகப் பறந்துகொண்டேயிருந்தது, அதற்கு யார் ஈடு தந்தார்கள். தனக்கு அன்று பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. ராஸ்மசன் பனியில் கூரையேறி நிற்பது தெரிந்தது. அதைத் தள்ளினார். தள்ளின இடத்தில் அச்சடித்த நாலாவது நல்லைநாதன் தெரிந்தது. “என்ன மாதிரி, சொல்லும், காத்துக்கொண்டு நிக்கினம்.” கனகேந்திரன் சொன்னார்: “ஹிட் அத்தான்.” சொன்னது தன் குரல்தானா என்று பார்த்தார், தன்னுடையதுதான், விளக்கம் சொல்லும்போது வருகிற அதே நிதானமான குரல். “கையுறைக்கு ஒரு முழம் முன்னாலை எதிலையோ பட்டுத் துள்ளினது. சாதாரண முயற்சியிலை பிடிக்கேலாது.” ஒவ்வொரு சொல்லும் உண்மை, வியாழக்கிழமைக்கு. அத்தான் ஒரு கணமும் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். அப்ப ஹிட்தான், என்று பென்சிலை எடுத்து எழுதி, ஒலிவாங்கியைத் திறந்து ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார். பெரிய பலகையில் பூச்சியம் போய் ஒன்று வந்தது. கீழிருந்து வந்த சத்தம் கோபமா துக்கமா என்று பிரிக்கமுடியாமல் இருந்தது. நல்ல காலம் நீர் பக்கத்திலை இருந்தது, இல்லாட்டி நான் அவசரத்திலை எரர் எண்டு எழுதியிருப்பன், பாவம் அந்தப் பொடியன் லமூரு, என்றார் அத்தான், கனகேந்திரனின் முழங்காலில் தட்டிக்கொண்டு.

மூன்றாம் தளத்தில் லமூரு பலகையைப் பார்த்தான். பிறகு ராஸ்மசனைப் பார்த்துத் தன் நெஞ்சில் கையால் தட்டினான். ராஸ்மசன் தலையை அசைத்தான். லமூரு மேலே, கண்ணாடியைப் பார்த்து, இன்னொரு தடவை தட்டினான், இந்த முறை பலமாக. அத்தான் கண்ணைச் சுருக்கி, என்னத்துக்கு அவன் நெஞ்சிலை தட்டுறான் என்று கேட்டார். பந்து பட்டிருக்கும் என்றார் கனகேந்திரன். றோல்ஸ் எப்படியோ அவருடைய கைக்கு வந்திருந்தது. கடித்தார், உறைத்தது, மற்றப் பக்கத்துப் பல்லால் மென்றார், அக்காவின் மிளகு, விழுங்கினால் போய்விடும், போகவில்லை. ஒரு ஹிட் ஆட்டங்கள் அணியின் வரலாற்றில் முப்பத்திரண்டு, இதோடு முப்பத்து மூன்று, அவற்றுக்கு மலரில் பக்கம் இல்லை, யாரும் கேட்டதுமில்லை. நிம்மதி வரவேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார், பல் விழுந்த இடத்தை நாக்குத் தடவுவதுபோல. கீழே ஆட்டத்தை நிறுத்திவைத்து, எதிரணியின் பயிற்சியாளர் நடுவரிடம் நடந்து போய்க் கையை நீட்டினார். சம்பள ஆட்டத்தில் ஒருவன் அடித்த முதல் ஹிட்டின் பந்தை மறுபடி எறிய விடமாட்டார்கள், அது அவனுக்குச் சேரவேண்டியது. நடுவர் பந்தைக் கொடுத்தார். அதை வாங்கில் இருந்தவர்களிடம் போட்டார்கள். அவர்களில் ஒருவன் துவாயால் மண்ணைத் துடைத்து, பேனாவைக் கேட்டு வாங்கி, மூடியைப் பல்லால் கழற்றி, பந்தின் வெள்ளைப் பக்கத்தில் ஒகாம்போ, முதல் ஹிட், என்று எழுதி, கீழே அன்றைய திகதியைப் போட்டான்.